ஹெலன் டெய்லரைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்குவோருக்கு

விக்டோரியா காலத்துப் பெண் போராளிகளைப் பற்றி எழுதுபவர்கள், நிலச் சீர்திருத்தத்தை ஓர் அத்தியாயத்திலும் பெண்ணுரிமையை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துவிடுவது வழக்கம். ஹெலன் டெய்லரை (1831–1907) அப்படிப் பிரித்து எழுதினால் ஆளே கைநழுவிப் போய்விடுவார். ஆகவே, அன்றைய இங்கிலாந்தின் சொத்துச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். வாக்குரிமை ஆண்களுக்கே உரியதாக, அவர்களிலும் குறிப்பிட்ட அளவு சொத்தோ வாடகை மதிப்போ உடையவர்களுக்கே உரியதாக இருந்தது. மணமான பெண்ணின் உடைமையோ பெரும்பாலும் கணவனின் கைக்குப் போய்விடும். 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தாம் இந்தப் பிடியைப் படிப்படியாகத் தளர்த்தின.

அடுத்து, ஹெலன் வரைவதற்குத் துணைநின்ற 1866-ஆம் ஆண்டு வாக்குரிமை மனுவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட அந்தச் சுருளை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கொண்டுவந்த எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும், அதன் பருமனைக் கண்டு பிறர் உற்றுப் பார்ப்பார்களே என்று கூசி, ஆப்பிள் விற்கும் பெண்ணொருத்தியின் கடைக்கடியில் ஒளித்துவைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. அதை விட்டுவிட எனக்கும் மனம் வராது. ஆனாலும் மனுவின் வாசகமே முக்கியம். சொத்துத் தகுதி உடைய குடித்தலைவர்கள் அனைவருக்கும் ஆண், பெண் வேறுபாடின்றி வாக்கு வேண்டும் என்று அது கேட்டது. மணமான பெண்களைப் பற்றி மனு வெளிப்படையாகப் பேசவில்லை; அந்த மௌனம் ஏன் என்று வாசகருக்கு விளக்குங்கள்.

தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வளர்ப்பு மகள் (மில்லின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்தவர்) என்ற அறிமுகம் ஒரு வாக்கியத்தோடு நிற்கட்டும். மில் 1873-இல் இறந்த பின்னர் ஹெலன் செய்தவற்றுக்கே இடம் கொடுங்கள். 1876 முதல் 1885 வரை சவுத்வார்க் பகுதியிலிருந்து லண்டன் பள்ளி வாரிய உறுப்பினராக இருந்தபோது, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் உறுதியான காலணிகளும் தம் சொந்தச் செலவில் வழங்கினார். நிலத்தை நாட்டின் பொது உடைமையாக்க வேண்டும் என்று வாதிட்டார். அயர்லாந்தில் குத்தகைக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டபோது, அன்னா பார்னெல் 1881-இல் டப்ளினில் தொடங்கிய மகளிர் நிலச் சங்கத்துக்குத் துணையாக இங்கிலாந்தில் உழைத்தார். நிலம் சிலர் கையில் குவிந்திருக்க, நிலம் உள்ளிட்ட சொத்தை அளவுகோலாக வைத்தே வாக்கும் அளக்கப்பட்டதால், நிலம், வாக்கு என்ற இந்த இரண்டு போராட்டங்களும் அவருக்கு ஒன்றாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு; உங்கள் கட்டுரையில் அதைக் கணிப்பாகவே எழுதுங்கள்.

1885-இல் வடக்கு கேம்பர்வெல் தொகுதியில் அவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முன்வந்ததைக் குறிப்பிடும்போது சொல்லில் கவனம் தேவை. அவர் தோற்றார் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய வேட்புமனுவையே தேர்தல் அதிகாரி ஏற்க மறுத்துவிட்டார்.