போரில் இறந்த புலம்பெயர் தச்சர் ஒருவரின் நினைவைத் தொகுக்கும் முறை

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் உயிர்நீத்த, வேற்று நாட்டில் பிறந்த தச்சர் ஒருவரின் வழித்தோன்றல்கள் அவருடைய நினைவைத் தொகுக்க முனைந்தால், அவர் கைபட்ட பொருள்களிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படைப்பிரிவின் ஏடுகள் அவருடைய கடைசிச் சில மாதங்களை மட்டுமே அறியும்.

அவர் செய்த மேசையோ அலமாரியோ எஞ்சியிருந்தால், இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்து, அதன் அடிப்பலகையையும் பின்புறத்தையும் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பாருங்கள். மெருகிடாத அப்பகுதிகளில் பென்சிலால் போட்ட கணக்குகளும் இணைப்புக் குறிகளும் அழியாமல் இருக்கக்கூடும். உளி, இழைப்புளி ஆகியவற்றின் பிடிகளில் உரிமையாளரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் தேடுங்கள். எதையும் துடைப்பதற்கு முன்பே படமெடுத்துவிட வேண்டும். ஒரு மனிதரின் உள்ளங்கை பல ஆண்டுகளாகத் தேய்த்து உண்டாக்கிய பள்ளத்தை உப்புத்தாள் ஒரே பொழுதில் அழித்துவிடும்.

அடுத்ததாகத் தேட வேண்டியது, கட்டாயப் படைச்சேர்ப்புக்காக ஆண்கள் தம் விவரங்களைப் பதிந்த படைச்சேர்ப்புப் பதிவு அட்டை. 1917, 1918 ஆகிய ஆண்டுகளில் சுமார் 2.4 கோடி ஆண்கள் இவ்வாறு பதிவு செய்தனர். 1917 ஜூன் மாத அட்டையில் பிறந்த ஊர், தொழில், வேலை கொடுத்தவர் ஆகிய விவரங்களோடு, தம்மை மட்டுமே நம்பி வாழும் மனைவியோ 12 வயதுக்குட்பட்ட குழந்தையோ உண்டா என்ற கேள்வியும் இருந்தது. தச்சரும் தந்தையும் வருங்காலப் படைவீரரும் ஒரே தாளில் நிற்கும் இந்த அட்டையைத்தான் நான் எல்லா ஆவணங்களிலும் மேலாக மதிக்கிறேன். பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருக்கலாம் என்பதால் ஒலிப்பை வைத்துத் தேடுங்கள். கப்பல் பயணிகள் பட்டியலுக்கும் இது பொருந்தும். அப்பட்டியல் பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது.

பணிக்கோப்பு கிடைக்காமல் போகலாம். செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர்களின் பணிக்கோப்புகளை வைத்திருந்த அரசு ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் மூண்ட தீயில், 1912 முதல் 1960 வரை படையிலிருந்து விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்தது. அதனால் மனம் தளர்ந்து விடாதீர்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியாக உள்ள அடக்கக் கோப்பை, அதாவது அவரை அடக்கம் செய்தது பற்றிய கோப்பை, கேளுங்கள்.

உடலைத் தாயகம் கொண்டுவர வேண்டுமா, ஐரோப்பாவிலேயே விட்டுவிட வேண்டுமா என்று போருக்குப் பின் ஒவ்வொரு குடும்பத்திடமும் அரசு கேட்டது. அதற்கு மனைவி எழுதிய பதில் அக்கோப்பில் இருந்தால், பிழைகளைத் திருத்தாமல், அடித்த சொற்களையும் விடாமல், அவர் எழுதியபடியே படியெடுத்து, இழுப்பறையின் பென்சில் குறிகளைக் காட்டும் படத்தின் அருகில் வையுங்கள்.