பத்து நொடிச் சந்திப்பு: பிரபலங்களை நேரில் பார்க்கப் போகும் ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதற்காக ஒருமுறை இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். அவருடைய எந்தக் கதையை எந்த வயதில் படித்தேன், அது என்னை என்ன செய்தது என்று ஒரு சிறு சொற்பொழிவையே மனத்துக்குள் உருப்போட்டு வைத்திருந்தேன். என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "பெயர்?" என்று கேட்டார். நான் பதற்றத்தில் "நன்றி" என்று சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குனிந்து எழுதினார். வெளியே வந்து புரட்டிப் பார்த்தபோது முதல் பக்கத்தில், "நன்றி அவர்களுக்கு, அன்புடன்" என்று இருந்தது.

தவறு அவருடையதன்று. பத்து நொடிக்குள் நடந்து முடியும் ஒரு காரியத்துக்கு நான் பத்து நிமிடப் பேச்சோடு போயிருந்தேன். நேரில் சந்தித்துவிட்டு முகம் வாடித் திரும்பும் ரசிகர்களில் பெரும்பாலானோருக்கு நேர்வது இந்தக் கணக்குப் பிழைதான் என்பது என் எண்ணம். ரசிகருக்கு அந்த முகமும் குரலும் பல ஆண்டுப் பழக்கம். எதிரே இருப்பவருக்கோ, அவர் அன்று பார்க்கும் முந்நூறாவது அந்நியர். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திரையிலும் வானொலியிலும் வருபவர் நம்மோடு நேரில் பேசுவதைப் போன்ற மயக்கம் உண்டாகி, ஒரு பக்கத்தில் மட்டும் நெருக்கம் வளர்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே சந்திப்புக்குத் தயாராவது என்பது, அந்த ஒருபக்க நெருக்கத்தைச் சற்று நேரம் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கிடைக்கப்போகும் நொடிகளுக்கு ஏற்ற சிறிய காரியம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவது.

எங்கே சந்திப்பது

சந்திப்பு இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது. புத்தகக் கையெழுத்து நிகழ்ச்சி, ரசிகர் சந்திப்பு, கட்டணம் செலுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அரங்கு போன்றவற்றில் அவர் ரசிகர்களைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறார். மனத்தளவிலும் தயாராக இருக்கிறார். முதல்முறை முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் பணம் கொடுத்தால் நேரமும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானின் ஏகேபி48 என்ற பெண்கள் இசைக்குழு நடத்திவந்த கைகுலுக்கும் நிகழ்ச்சிகளில், இசைத்தட்டோடு வரும் சீட்டு ஒன்றுக்குச் சில நொடிகளே கிடைக்கும். நேரம் முடிந்ததும் ரசிகரைத் தோளைத் தொட்டு நகர்த்துவதற்கென்றே ஓர் ஊழியர் நிற்பார். அந்த வேலை செய்பவரை, ஒட்டியதை உரித்தெடுப்பவர் என்று பொருள்படும் சொல்லால் அங்கே அழைப்பது வழக்கம். எந்த நிகழ்ச்சியானாலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் நகரச் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டிக்கெட் வாங்கும் முன்பே விதிமுறைகளை முழுவதும் படியுங்கள். கையெழுத்துக்கும் படத்துக்கும் தனித்தனிக் கட்டணமா, ஒருவருக்கு எத்தனை பொருளில் கையெழுத்திடுவார், சொந்த கைபேசியில் படமெடுக்கலாமா, பரிசுப் பொருள்களை யாரிடம் கொடுப்பது, அவர் வராவிட்டால் பணம் திரும்புமா என்ற ஐந்தையும் பார்த்துக்கொண்டால் அன்றைய மனவருத்தங்களில் பாதி முன்கூட்டியே நீங்கிவிடும். பணம் கட்டிய சந்திப்புகளும் ரத்தாவதுண்டு. 2016-ல் பாடகர் ஜஸ்டின் பீபர் தமது உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அத்தகைய சந்திப்புகளை நிறுத்தினார். அவை தம்மை மனத்தளவில் வற்ற வைத்துவிடுகின்றன என்பது அவர் சொன்ன காரணம்.

நாடகம் அல்லது கச்சேரி முடிந்தபின் அரங்கத்தின் பின்வாசலில் காத்திருப்பது இரண்டாவது வழி. அங்கே வந்து கையெழுத்திடுவது கலைஞரின் விருப்பமே தவிரக் கடமையன்று. இரண்டரை மணி நேரம் மேடையில் இருந்தவர் நேராகக் காரில் ஏறிப் போய்விட்டால் அதைப் பெருமைக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, தற்செயலாக எதிர்ப்படுவது. உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கழிப்பறையில், மருத்துவமனையில், துக்க வீட்டில், உடற்பயிற்சியின்போது, கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது அணுகக் கூடாது. இதில் விதிவிலக்கு தேட வேண்டாம். ஒரு விமான நிலையத்தில் பெட்டிகள் சுழன்று வரும் பட்டையருகே புகழ்பெற்ற நடிகர் ஒருவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதன் முதுகைத் தாங்கி, மறு கையால் பெட்டியை இழுக்கப் பார்த்தார். ஒருவர் ஓடி வந்து கைபேசியை நீட்டி, "ஒரே ஒரு செல்ஃபி" என்று உரக்கக் கேட்க, குழந்தை விழித்து அழுதது. நடிகரின் முகம் சுருங்கியது. அவர் மறுத்ததும், கேட்டவர் திரும்பி நடந்தபடியே "ரொம்பத் திமிர்" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. சற்றுத் தள்ளி நின்ற ஒரு முதியவர் எதுவும் கேட்காமல் பட்டையிலிருந்து பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, தலையை லேசாக அசைத்துவிட்டு நகர்ந்தார். நடிகர் அவரைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார்.

வீடு, தங்கும் அறை, குழந்தைகள் படிக்கும் பள்ளி ஆகியவற்றைத் தேடிப் போவது சந்திப்புக் கணக்கில் வராது. பல நாடுகளில் அது குற்றக் கணக்கில் வரும். 1989-ல் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை, துப்பறிவாளர் ஒருவர் மூலம் முகவரியைத் தெரிந்துகொண்ட ரசிகர் ஒருவர் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில், பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1980 டிசம்பர் 8 அன்று மாலை பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகராக இருந்த ஜான் லென்னனிடம் அவருடைய வீட்டு வாசலில் இசைத்தட்டில் கையெழுத்து வாங்கிய ஆளே, அன்றிரவு அதே வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார். 2014 மே மாதம் முன்சொன்ன கைகுலுக்கும் நிகழ்ச்சி ஒன்றில் ஒருவர் ரம்பத்தோடு பாய்ந்து இரண்டு உறுப்பினர்களையும் ஊழியர் ஒருவரையும் காயப்படுத்தினார். இவற்றை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மெய்க்காவலர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்ப்பதற்கும், நீங்கள் பைக்குள் கைவிடும்போது முன்னால் வந்து நிற்பதற்கும் பின்னணி இதுதான். எனவே கொண்டுவந்த பொருளை வெளியே எடுத்து, இரண்டு கைகளும் தெரியும்படி வைத்துக்கொண்டு, பின்புறமிருந்து அல்லாமல் எதிரே தெரியும்படி நடந்து செல்லுங்கள்.

கையெழுத்துக்கான ஆயத்தம்

என் அனுபவத்துக்குப் பிறகு நான் தவறாமல் செய்வது, ஒட்டுத்தாள் ஒன்றில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்து வேண்டிய பக்கத்திலேயே ஒட்டிவிடுவது. புத்தகத்தை அந்தப் பக்கம் திறந்திருக்கும்படி நீட்ட வேண்டும். பேனாவின் மூடியை வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கும்போதே கழற்றிவிடுங்கள். பளபளப்பான படமாக இருந்தால் சாதாரணப் பந்துமுனைப் பேனா வழுக்கும். அழியாத மையுள்ள மார்க்கர் வேண்டும். படத்தின் பின்னணி கறுப்பாக இருந்தால் வெள்ளி நிற மார்க்கர் எடுத்துச் செல்ல வேண்டும். அதை முன்னதாகக் குலுக்கி, வேறொரு தாளில் கிறுக்கி, மை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து வாங்கிய கையோடு உறைக்குள் செருகினால் எழுத்து இழுபட்டுவிடும். ஓரிரு நிமிடம் தாளை விளிம்பில் பிடித்தபடியே நடங்கள்.

"யார் பெயருக்கு?" என்று அவர் கேட்பதில் கனிவு மட்டும் இல்லை, பெயர் எழுதிய பிரதியை விற்பது கடினம் என்ற முன்யோசனையும் உண்டு. நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், தம் கையெழுத்துகள் விலைக்குப் போவதையும் போலிகள் உலவுவதையும் அறிந்து 1994 வாக்கில் கையெழுத்திடுவதையே நிறுத்திக்கொண்டார். பிறகு அவருக்கு முடிவெட்டியவர் அந்த முடியையே விற்றுவிட, 2005-ல் அது செய்தியானது. கட்டுக்கட்டாகப் படங்களை நீட்டுபவரை ஒரு கலைஞர் சந்தேகத்தோடு பார்த்தால் அதற்கு இத்தனை முன்கதை இருக்கிறது. ஒரே பொருளை நீட்டுங்கள்.

என்ன பேசுவது

ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது வேறு எவரும் சொல்ல முடியாத வாக்கியமாக இருக்க வேண்டும். "நான் உங்கள் தீவிர ரசிகன்" என்பதை அவர் அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு ஒரு புன்னகையைத் தவிர வேறு பதில் இல்லை. "மருத்துவமனையில் என் தந்தையோடு இருந்த இரவுகளில் உங்கள் இரண்டாவது தொகுப்பைத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்" என்றால் அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். அதிகம் பேசப்படாத ஒரு படைப்பைக் குறிப்பிடுவதும் நன்று. வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அவர் பேச விரும்பினால் பேசுவார்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்பது அவற்றில் தலையாயது. நடிகர் பிராட் பிட், தமக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை என்றும், அதனால் தாம் மதிக்கவில்லை என்று கருதிப் பலர் தம்மை வெறுக்கிறார்கள் என்றும் 2013-ல் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் ஆகியோருக்கும் அத்தகைய முகக்குருடு இருந்தது. அதற்கு அடுத்து, எடை, நிறம், வயது, விவாகரத்து, தோற்றுப்போன படம் ஆகியவை குறித்த விசாரணைகள். தன் திரைக்கதையையோ பாடலையோ கையில் திணிப்பதும் அந்த வகையே. மேலாளர் மூலம் அல்லாமல் வந்த படைப்பைச் சட்டச் சிக்கலுக்கு அஞ்சிப் பலர் தொடவே மாட்டார்கள்.

கேட்காமல் தொடாதீர்கள். அவர் கை நீட்டினால் குலுக்கலாம். அணைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்ற பதிலுக்கும் இடம் விட்டுக் கேட்க வேண்டும். பாடகி சாப்பெல் ரோன் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட காணொளியில், தெருவில் போகும் முன்பின் அறியாத பெண்ணிடம் இப்படி நடந்துகொள்வீர்களா என்ற பொருளில் கேட்டது பலருக்குக் கோபமூட்டியது. எனக்கு அந்தக் கேள்வியில் குறை ஒன்றும் தெரியவில்லை.

படம் எடுக்கும்போது

படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தபின் கைபேசியின் கடவுச்சொல்லைத் தடவிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். திரையைத் திறந்து, கேமராவை இயக்கி, லென்ஸைத் துணியால் துடைத்து, சேமிப்பிடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருங்கள். கையை நீட்டிச் செல்ஃபி எடுப்பதைவிட அருகில் நிற்பவரிடம் கைபேசியைக் கொடுப்பது நல்லது. முன்பக்க லென்ஸ் ஓரத்தில் வரும் முகத்தை இழுத்துக் காட்டும், நெருங்கி ஒட்டி நிற்க வேண்டிய அவசியத்தையும் உண்டாக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுப்புறம் இல்லாதபடி நின்று, தொடர்ச்சியாக நாலைந்து படங்களை ஒரே அழுத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சரியாக வரவில்லை என்று மறுபடி கேட்க வேண்டாம்.

நடிகை எம்மா வாட்சன் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொள்வதைப் பெரும்பாலும் தவிர்ப்பதாக 2017-ல் சொன்னார். அந்தப் படம் இரண்டு நொடியில் இணையத்துக்குப் போய், தாம் அப்போது எங்கே இருக்கிறோம் என்பதைப் பத்து மீட்டர் துல்லியத்தில் காட்டிவிடுகிறது என்பது அவர் விளக்கம். ஆகவே தற்செயலாக எடுத்த படத்தை அவர் அந்த ஊரைவிட்டுப் போனபின் வெளியிடுங்கள். உடன் இருந்த குழந்தைகளும் நண்பர்களும் படத்தில் விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள். நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் ஒரு காலத்தில், தம்மைச் சந்தித்தவர் தம்மை அன்பானவராகவும் பண்பானவராகவும் அறிவாளியாகவும் வேடிக்கையானவராகவும் கண்டார் என்று சான்றளிக்கும் அச்சிட்ட அட்டையைக் கையெழுத்துக்குப் பதிலாகக் கொடுத்துவந்தார். எனக்கு ஒரு செல்ஃபியைவிட அந்த அட்டை கிடைத்தால் அதிக மகிழ்ச்சி.

கசந்துபோனால்

மறுத்துவிட்டால், "பரவாயில்லை, உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு உடனே விலகுங்கள். முதலில் மறுத்தவர் இந்தப் பதிலைக் கேட்டபின் தாமே நின்று படத்துக்கு இசைந்ததை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். அதற்காக இதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்தினால் குரலிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு எழுத உட்காரும் முன் ஓர் இரவு தூங்கி எழுவது நல்லது. ஒரு மனிதரின் ஒரு நாளில் பத்து நொடியை மட்டுமே பார்த்திருக்கிறோம். அவர் கையில் அப்போது என்ன செய்தி வந்திருந்தது என்று நமக்குத் தெரியாது.

ஆனால் முகம் கொடுக்காமல் போவது வேறு, முறைகேடு வேறு. அவரோ அவருடைய ஆள்களோ உங்களைத் தள்ளினால், தகாத முறையில் தொட்டால், இழிவாகப் பேசினால், வாக்களித்ததைத் தராமல் பணத்தை வைத்துக்கொண்டால், புகழைக் கண்டு விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. நேரம், இடம், வரிசை எண், அருகில் நின்றவரின் தொடர்பு எண் ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு, டிக்கெட்டின் படத்தையும் இணைத்து, ஏற்பாட்டாளருக்கு அன்றைக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள். உடலைத் தொட்ட விவகாரமாக இருந்தால் ஏற்பாட்டாளரின் பதிலுக்குக் காத்திராமல் காவல் நிலையத்துக்குப் போகலாம்.