நையாண்டியா, நம்பிக்கையா? பதில் எழுதும் முன் பாருங்கள்

பரிணாமத்தை மறுக்கும் பதிவைக் கண்டதும் பதில் எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், அது நையாண்டியாக இருக்கலாம். 2005 ஆகஸ்டில் அமெரிக்க நையாண்டி இதழான தி ஆனியன், பரிணாமத்தை மறுப்பவர்களைக் கிண்டல் செய்து ஒரு 'செய்தி' போட்டது: பொருள்கள் விழுவது ஈர்ப்புவிசையால் அல்லவாம், மேலான ஒரு சக்தி அவற்றைக் கீழே தள்ளுகிறதாம். நடை அச்சு அசல் செய்திதான். படைப்புவாதத்தை (உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்ற நம்பிக்கையை) கிண்டல் செய்து எழுதும்போது கண்சிமிட்டும் குறி போடாவிட்டால் யாராவது நிஜமென்று நம்பிவிடுவார்கள் என்று நேதன் போ என்பவர் ஓர் இணைய மன்றத்தில் சொன்னதும் அதே ஆண்டுதான். இன்று அதற்குப் 'போ விதி' என்று பெயர்.

அதனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். மூலப் பக்கத்துக்குப் போய் இன்னும் நாலு தலைப்புகளை வாசியுங்கள். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறமும் சந்தேகமா? "இது உங்கள் உண்மையான கருத்தா?" என்று எழுதியவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். மனதார நம்புகிறவராகவும் இருக்கலாம்.