கேமிங் மடிக்கணினியின் பேட்டரி நேரத்தைக் கூட்டும் வழி

இரட்டை கிராபிக்ஸ் (பிராசசருக்குள் ஒரு சிறியது, தனியாக ஒரு பெரிய சிப்) கொண்ட கேமிங் மடிக்கணினியில், சார்ஜரைக் கழற்றிய பிறகு அது எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது: தனி கிராபிக்ஸ் சிப் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா? கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டில், திரை பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸுடன் இணைந்திருக்கும். பெரிய சிப் தேவைப்படும்போது மட்டும் விழித்து, படத்தை வரைந்து, அதைச் சிறியதன் வழியாகத் திரைக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும். இது நடக்காமல் போகும்போதுதான் பேட்டரி கரைகிறது. 60 வாட்-மணி பேட்டரியில், கணினி 10 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் கிடைக்கும். சும்மா விழித்திருக்கும் சிப்பால் அது 20 வாட் ஆனால் மூன்று மணி நேரம்தான்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலின் டெஸ்க்டாப் மெனுவில், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) செயல்பாட்டுச் சின்னத்தைக் காட்டும் வசதி உண்டு. அதை இயக்கினால், தனி சிப்பைப் பிடித்துவைத்திருக்கும் செயலிகளின் பெயர்கள் தெரியும். டாஸ்க் மேனேஜரில் பயன்பாடு பூஜ்ஜியம் என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் வேலையில்லாமல் விழித்திருப்பதும் அங்கே பூஜ்ஜியம்தான். சிப்பின் வெப்பநிலையை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கண்காணிப்பு மென்பொருள்களே அதைத் தூங்கவிடாமல் செய்வதும் உண்டு என்பதால், சோதித்த பின் அவற்றை மூடிவிடுங்கள்.

பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் பிரவுசர், கேம் லாஞ்சர் (விளையாட்டுகளைத் திறக்கும் செயலி), விசைப்பலகை விளக்குகளை ஆளும் மென்பொருள், நகரும் வால்பேப்பர் போன்றவையாகவே இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று சென்று, அந்தந்தச் செயலிக்கு மின்சேமிப்பு கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, செயலியை மூடித் திறக்க வேண்டும். லாஞ்சர்கள் கணினியுடன் தானாகத் தொடங்குவதையும் நிறுத்திவிடலாம்.

பலர் டிவைஸ் மேனேஜரில் தனி சிப்பை முடக்கிவிடுகிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சிப்பை ஆளும் மென்பொருளான டிரைவர் இல்லாமல் போனால் சிப்புக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லவும் ஆளில்லாமல் போகலாம், அப்போது செலவு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். தயாரிப்பாளரின் மென்பொருளில் சிறிய கிராபிக்ஸ் மட்டும் இயங்கும் முறை இருந்தால், அதுவே சரியான வழி.

மக்ஸ் சுவிட்ச் (திரை எந்த கிராபிக்ஸுடன் இணைய வேண்டும் என்பதை மாற்றும் அமைப்பு) உள்ள மடிக்கணினிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளையாட்டு வேகத்துக்காகத் திரையை நேரடியாகத் தனி சிப்புடன் இணைக்கும் முறையில் விட்டிருந்தால், திரை இயங்கும்வரை அந்தச் சிப் தூங்க வழியே இல்லை. திரை சிறிய கிராபிக்ஸுடன் இணைந்திருக்கும் ஹைப்ரிட் முறைக்கு மாற்றி, கேட்டால் மறுதொடக்கம் செய்யுங்கள். வெளித்திரையும் இதே வகைதான். பல மாதிரிகளில் எச்டிஎம்ஐ துளை தனி சிப்புடனேயே இணைக்கப்பட்டிருப்பதால், பேட்டரியில் வேலை செய்யும்போது அந்தக் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

இவ்வளவும் சரியான பிறகுதான் மற்றவை பொருட்படுத்தத் தக்கவை. 144 அல்லது 165 ஹெர்ட்ஸில் ஓடும் திரையை 60க்கு இறக்குங்கள். வெளிச்சத்தையும் விசைப்பலகை விளக்கையும் குறையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலை என்ற வரி தென்படும் கணினிகளில், பேட்டரிக்கான அளவை 99 சதவீதமாக வைத்தால் பொதுவாக டர்போ வேகம், அதாவது பிராசசர் வழக்கத்தைவிடக் கூடுதலாக எட்டும் வேகம், நின்றுவிடும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அந்த வேகம் தேவைப்படுவதில்லை.

பேட்டரியிலேயே விளையாட வேண்டும் என்றால், பிரேம் விகிதத்துக்கு (நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) 30 அல்லது 40 என்று வரம்பு வையுங்கள். அப்போதும் நேரம் குறைவாகவே கிடைக்கும், ஏனெனில் விளையாட்டின்போது சிப் விழித்திருந்தே ஆக வேண்டும். டிரைவரையோ, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையோ புதுப்பித்த பிறகு கிராபிக்ஸ் முறை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும் என்பதால், அந்த நேரங்களில் செயல்பாட்டுச் சின்னத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.