ஜிப்ஸி ஜாஸ் ஆவணப்படம் பார்க்கும்போது ரசிகனின் கையைத் தேடுங்கள்

பாரிஸ் கார் து நோரில் நாலாம் இலக்க மெட்ரோ ஏறி, கடைசி நிலையமான போர்த் து கிளிஞான்கூரில் இறங்கினால், பழைய சாமான் சந்தை வழியாக நடந்தே ரோசியே தெருவுக்குப் போய்விடலாம். அங்கே லா ஷோப் தே பியூஸ் என்று ஒரு கஃபே. மொந்தீன் கார்சியாவும் அவருடைய மகன் நினீனும் வார இறுதிகளில் பல வருடங்கள் கிதார் வாசித்த இடம் அது. லா ஷப்பெலில் கடை வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நின்று கேட்டுத்தான் எனக்கு ஜிப்ஸி ஜாஸ் என்ற இந்தக் கிதார் இசை பிடித்தது. அப்புறம் நானும் ஒரு கிதார் வாங்கி, ரிதம் வாசிக்கப் பழகினேன்.

ஒரு கோடையில் சாமுவா-சுர்-சேன் விழாவுக்குப் போயிருந்தேன். இந்த இசைக்கு வழிகாட்டிய கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1953இல் இறக்கும் முன் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்தோம். ஒரு படக்குழு வந்து எங்களைப் படம் பிடித்தது. படம் வெளிவந்ததும் மகளைப் பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். நான் வந்தது நாலு விநாடி. கண்ணை மூடித் தலையாட்டும் முகம், அடுத்து ஜாங்கோ மாதிரி மெல்லிய மீசை வைத்த ஒருவர், அவ்வளவுதான். மகள் கேட்டாள்: "அப்பா, உங்கட கையைக் காட்டவேயில்லையே?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இப்போது எல்லாப் படத்தையும் பார்க்கிறேன். நீங்களும் அப்படிப் பார்க்கலாம்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிரெஞ்சில் இதை ஜாஸ் மனூஷ் என்பார்கள். மனூஷ் என்பது ஒரு மக்களின் பெயர், பிரான்ஸில் வாழும் ரோமா மக்களில் ஒரு பிரிவினர். ஜிப்ஸி என்ற சொல்லை அவர்களில் பலர் விரும்புவதில்லை. தமிழில் நாம் சட்டென்று நாடோடி என்று எழுதிவிடுகிறோம், அதுவும் சரியில்லை. 1912இல் பிரான்ஸ் அரசு ஒரு சட்டம் போட்டு, 'நோமாத்', அதாவது நாடோடி, என்று வகைப்படுத்தியவர்கள் எல்லோரும் அங்க அளவுகள் குறித்த கையேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும், போகும் ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 1969இல் வந்த சட்டமும் வேறு பெயரில் பயணக் கையேடுகளைத் தொடர்ந்தது. அது முழுதாக நீக்கப்பட்டது 2017இல்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மொந்த்ருய்-பெலே போன்ற முகாம்களில் இந்த மக்களை அடைத்தும் வைத்தார்கள். 'சுதந்திரமாக அலையும் மக்கள்' என்று ஒரு படம் ஆரம்பித்தால் இந்தக் கையேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். படம் யாருடைய ஆசையைச் சொல்கிறது என்று விளங்கும்.

அடுத்தது, எங்கே தொடங்குவது. 1930களின் கடைசியில் பிரித்தானியப் பார்வையாளர்களுக்காக எடுத்த 'ஜாஸ் ஹாட்' என்ற குறும்படத்திலிருந்து தொடங்குங்கள். சில நிமிடங்கள்தான். ஜாங்கோ வாசிப்பதைப் படமும் ஒலியும் பொருந்தப் பார்க்கக் கிடைக்கும் அரிய காட்சி அதில் இருக்கிறது. 'ஜதாந்த்ரே' பாட்டு வரும்போது இடக்கையை மட்டும் பாருங்கள். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்ததில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருண்டுபோயின. தனி வாசிப்பில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நரம்பின் மேல் ஏறி இறங்கி ஓடும். நிறுத்தி நிறுத்தி, இரண்டு மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை பார்த்தபோது நான் மூச்சு விடவே மறந்தேன்.

பிறகு அதில் ஜாங்கோவோடு வாசிக்கும் குழுவின் பெயரைக் கவனியுங்கள். கேன்டெத் து ஹாட் கிளப் து பிரான்ஸ். 1932 வாக்கில் ஜாஸ் பைத்தியம் பிடித்த மாணவர்களும் இசைத்தட்டு சேர்ப்பவர்களும் கூடி அமைத்த சங்கம்தான் ஹாட் கிளப். ஷார்ல் தெலோனே போன்ற ரசிகர்கள் மேடை ஏற்பாடு செய்து, 1934இல் ஜாங்கோவும் வயலின்காரர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்த குழுவுக்குத் தங்கள் சங்கத்தின் பெயரையே வைத்தார்கள். ரசிகர் மன்றத்தின் பெயரில் ஒரு இசைக்குழு! அப்படியிருக்க, ரசிகர்களைப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேடிக்கை மனிதர்களாகக் காட்டும் படங்களை என்னால் ஏற்க முடியவில்லை. 2005இல் வந்த ஒரு கனடியப் படத்தின் பெயரே 'ஜாங்கோமேனியா'. பெயரிலேயே எங்களுக்குப் பித்து என்று முடிவாகிவிட்டது.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். இந்த இசையின் ரசிகர்களில் பெரும்பாலானோர் வாசிப்பவர்கள். விழாவுக்கு வரும் ரயிலில் கிதார்ப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். அதனால் கேமரா ரசிகனின் முகத்தில் நிற்கிறதா, கைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். முகத்தில் மட்டும் நின்றால் அந்தப் படம் எங்களைத் தொப்பி, மீசை, கண்ணீர் என்று சுருக்கிவிட்டது.

கையில் என்ன பார்ப்பது? ரிதம் வாசிப்பை லா போம்ப் என்பார்கள். டிரம்ஸ் கிடையாது, இந்தக் கைதான் டிரம்ஸ். நாலு தட்டில் ஒன்றும் மூன்றும் தடித்த நரம்புகளில் மெதுவாக விழும். இரண்டும் நாலும் எல்லா நரம்புகளிலும் விழுந்து, அதே கணம் வெட்டி நிற்கும். வெட்டுவது இடக்கை. கோர்டைப் (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடித்த விரல்கள் நரம்பை விட்டு எழாமல் அழுத்தத்தை மட்டும் விடுகின்றன, ஒலி செத்துவிடுகிறது. வலது மணிக்கட்டு, ஈரக் கையை உதறுவது போலத் தளர்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தளர்வு வர இரண்டு வருடம் பிடித்தது. வட்டத்தில் தலை நரைத்த ஒருவர், எதிரே இருக்கும் பன்னிரண்டு வயது மனூஷ் பையனின் மணிக்கட்டையே பார்த்தபடி தன் கையைத் திருத்திக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். எவ்வளவு மரியாதை அந்தப் பார்வையில்! இப்படி ஒரு காட்சி இருந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கும் ஒரு வேலை உண்டு. 'இது அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது' என்ற வரி எப்போது வருகிறது, யார் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் சொல்வது எங்களைப் போன்ற ரசிகர்தான். அல்சாஸில் பிறந்த மனூஷ் கிதார் கலைஞர் பிரெலி லக்ரேன் தன் முதல் இசைத்தட்டைப் பதிந்தபோது வயது 13. அதை அதிசயம் என்று சொல்லிவிட்டால், நாலைந்து வயதிலிருந்து வீட்டில் அவர் பழகிய மணிநேரங்கள் காணாமல் போய்விடும். அன்பினால்தான் சொல்கிறோம், ஆனால் அவர்களுடைய உழைப்பை நாமே அழித்துவிடுகிறோம். படம் அந்த வரிக்குப் பிறகு ஒரு மனூஷ் வாத்தியக்காரரைப் பேசவிடுகிறதா என்று பாருங்கள்.

தோனி கத்லிஃபின் 'லாச்சோ த்ரோம்' (1993) அழகான படம். ரோமா மக்களின் இசையைப் பின்தொடர்ந்து ராஜஸ்தானில் தொடங்கி ஸ்பெயினில் முடியும், பேச்சு மிகக் குறைவு. பலர் அதை முழு ஆவணப்படம் என்று நம்புகிறார்கள். திட்டமிட்டு அமைத்த காட்சிகள் அதில் நிறைய உண்டு, அதைத் தெரிந்துகொண்டு ரசியுங்கள். இன்றைய கலைஞர்களை நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் புரூனோ லெ ஜானின் 'லே ஃபீஸ் து வான்' (2012) எடுங்கள். அஞ்ஜெலோ தெபார், ச்சவோலோ ஷ்மித், மொரேனோ, முன்னே சொன்ன நினீன் கார்சியா நால்வரும் அதில் இருக்கிறார்கள். 'காற்றின் பிள்ளைகள்' என்ற அந்தத் தலைப்பு எனக்கு உடன்பாடில்லை, கலைஞர்களுக்காகப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு படத்தை ஒரு தடவை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும். ஒலி இல்லாதபோது நெருப்பு எத்தனை தடவை வந்தது, வண்டிவீடு எத்தனை தடவை வந்தது, யாருடைய பெயர் திரையில் எழுதப்பட்டது, யார் பெயரில்லாமல் கைதட்டினார்கள் என்பதெல்லாம் தனியாகத் தெரியும். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணுவேன். மகளும் எண்ணுகிறாள். அவள் எண்ணுவது கைகளை மட்டும்.