புதுப்பித்த சமையலறைக்கு ஸ்டூல், கைப்பிடி, சிலிக்கான்: கடைசிக்கட்ட வேலைகள்

மேடை போட்டாயிற்று, டைல்ஸ் ஒட்டியாயிற்று, அலமாரிக் கதவுகளும் மாட்டியாயிற்று. இனி மிச்சம் இருப்பது உட்கார ஸ்டூல், கைப்பிடி, விளக்கு, இடுக்குகளை அடைப்பது. செலவில் சின்னவை என்றாலும் தினமும் கை படுவது இவற்றின் மேல்தான். 20 மி.மீ. கிரானைட் மேடை, பிளைவுட் அலமாரி, மேடையின் ஒரு பக்கத்தை நீட்டிவிட்ட சாப்பாட்டுக் கவுன்டர் என்று நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் அமைப்புக்குத்தான் இந்தக் குறிப்பு.

படி 1: ஸ்டூல் வாங்கப் போகும் முன் இரண்டு அளவு

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். கடையில் "பார் ஸ்டூல்" என்று விற்பதன் இருக்கை தரையிலிருந்து 28 முதல் 30 இன்ச் உயரத்தில் இருக்கும். அது 42 இன்ச் பார் கவுன்டருக்குச் செய்தது. வீட்டு மேடையோ 32 முதல் 36 இன்ச்தான். அங்கே 30 இன்ச் ஸ்டூலைப் போட்டால் முட்டி உள்ளேயே போகாது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

வரைபடத்தில் இருக்கும் உயரத்தை நம்பாதீர்கள். பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் போட்டிருந்தால் தரை ஏறியிருக்கும். பசை போட்டு ஒட்டினால் சுமார் அரை இன்ச், சிமென்ட் கலவை போட்டால் ஒன்றரை இன்ச்சுக்கு மேலும் ஏறும். மேடை பழைய இடத்திலேயே நிற்பதால் அந்த அளவுக்கு உயரம் குறைந்துவிடும். எல்லா வேலையும் முடிந்த தரையில் டேப்பை நிறுத்தி அளக்க வேண்டும்.

முதல் அளவு, தரையிலிருந்து கல்லின் மேற்பரப்பு வரை. இரண்டாவது, தரையிலிருந்து கல்லின் முன் ஓரத்து அடிப்பகுதி வரை. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். கல் 20 மி.மீ. தடிமன் என்றாலும், ஓரம் கனமாகத் தெரிய அடியில் இன்னொரு பட்டை ஒட்டி மோல்டிங் செய்திருப்பார்கள். அப்போது ஓரம் 40 மி.மீ., அதாவது ஒன்றரை இன்ச்சுக்குச் சற்று மேல். தொடை இடிப்பது அந்தப் பட்டையில்தான்.

கணக்கு இதுதான்: மேற்பரப்பு உயரத்தில் 11 இன்ச் கழித்தால் இருக்கை உயரம். இருக்கைக்கும் கல்லின் அடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 9 இன்ச் இருக்க வேண்டும். மேடை 34 இன்ச் என்றால் இருக்கை 23. ஓரத்தின் அடி சுமார் 32½-இல் இருக்கும், தொடைக்கு 9½ கிடைக்கும். மெத்தை வைத்த ஸ்டூல் என்றால் ஒருவர் உட்கார்ந்து அழுந்திய உயரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

23 இன்ச் ஸ்டூல் கடையில் எளிதில் கிடைக்காது. 24 முதல் 26 வரைதான் இருக்கும். மரக்கால் ஸ்டூலாக வாங்கி ஆசாரியிடம் கொடுத்து அறுத்துக்கொள்ளுங்கள். கால்கள் சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு காலிலும் டேப் வைத்து அளந்து அறுத்தால் ஸ்டூல் ஆடும். சமமான தரையில் ஸ்டூலை நிறுத்தி, அறுக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலேயே அறுத்தால் நான்கும் தரையில் ஒட்டி நிற்கும். இருக்கைக்கும் கால் வைக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் இதில் மாறாது. பிறகு அடியில் ரப்பர் புஷ் மாட்டுங்கள். அதன் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

கேஸ் லிஃப்ட் (நெம்பை அழுத்தி உயரத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) வைத்த சக்கர ஸ்டூலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுப்புப் பக்கம் உருளும் இருக்கை ஆபத்து. கைவைத்த ஸ்டூலும் வேண்டாம், ஸ்டூலின் கை கல்லில் இடித்து உள்ளே போகாது.

வீட்டில் முட்டி வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் உயர ஸ்டூலே சரிப்படாது. கவுன்டரின் ஒரு பகுதியை 30 இன்ச்சுக்கு இறக்கி, 18 இன்ச் உயரமுள்ள சாதாரண நாற்காலி போடுங்கள். கீரை ஆய, காய் நறுக்க அவர்களுக்கு அதுதான் வசதி.

படி 2: எத்தனை பேர், எவ்வளவு நீட்டல்

ஒருவருக்கு 24 இன்ச் அகலம். நாலடி கவுன்டரில் இரண்டு பேர்தான். மூன்று ஸ்டூல் போட்டால் முழங்கை இடிக்கும். முட்டி உள்ளே போக, கல் 15 இன்ச் வெளியே நீண்டிருந்தால் நல்லது, 12-க்குக் குறையக் கூடாது. ஆனால் 20 மி.மீ. கிரானைட்டை 6 இன்ச்சுக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். யாராவது கையூன்றி எம்பினால், அலமாரி முடியும் கோட்டில் கல் விரிசல் விடும். இரண்டு அடிக்கு ஒரு இரும்பு எல் பிராக்கெட் வேண்டும். அதை இரண்டு பேர் உட்காரும் இடத்துக்கு நடுவில் வையுங்கள். ஆளுக்கு நேராக வைத்தால் முட்டியில் இடிக்கும். அதனால் பிராக்கெட் மாட்டும் முன்பே ஸ்டூல் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துவிடுங்கள்.

கவுன்டர் ஓரத்திலிருந்து பின்சுவர் வரை 36 இன்ச் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் பின்னால் ஒருவர் ஒதுங்கிப் போகலாம். சாதாரணமாக நடந்து போக 44 வேண்டும்.

படி 3: கைப்பிடி

அளவு என்பது இரண்டு திருகுத் துளைகளின் நடுவுக்கு நடு உள்ள தூரம்: 96, 128, 160 மி.மீ. என்று வரும். அட்டையில் ஒரு அச்சு வெட்டி எல்லாக் கதவிலும் அதையே வைத்துக் குறியுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து துளையிட்டு, உள்பக்கம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்தால் லேமினேட் பெயராது. கைப்பிடியோடு வரும் 25 மி.மீ. திருகு 18 மி.மீ. கதவுக்குச் சரி. இழுப்பறையில் பெட்டியும் முகப்பும் சேர்ந்து இரட்டைத் தடிமன். 40 அல்லது 45 மி.மீ. திருகு தனியாக வாங்க வேண்டும். துரு எளிதில் பிடிக்காத 304 தர ஸ்டீலா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அதைவிட மலிவான 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

படி 4: இடுக்கு அடைப்பது

மேடையும் சுவரும் சேரும் மூலையில் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். கல்லும் சுவரும் ஒன்றுபோல அசையாததால் சில மாதங்களில் அது விரியும். அந்த விரிசல் வழியாகச் சிங்க் தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கும். அந்த மூலைக்கு, ரப்பர் போல நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கான் பசைதான்.

சிலிக்கானிலும் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அது கல்லைக் கறைப்படுத்தலாம். "நியூட்ரல் க்யூர்", பூஞ்சைத் தடுப்பு உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். பழைய சிமென்டைச் சுரண்டி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கான் குழாயின் மூக்கைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு முறை நீவுங்கள். டேப்பை உடனே உரிக்க வேண்டும். ஆடை படிந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸ் இடைவெளிக்கு எபாக்சி கிரவுட். சிமென்ட் கிரவுட்டில் தாளிப்பு எண்ணெயும் மஞ்சளும் ஊறிப்போகும். எபாக்சியைக் கலந்தால் அரை மணிக்குள் இறுகத் தொடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனுக்குடன் துடைக்க வேண்டும்.

படி 5: விளக்கு

மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டையைச் சுவரோரம் ஒட்டாதீர்கள், முன் ஓரத்தில் ஒட்டுங்கள். அப்போதுதான் நறுக்கும் பலகை மேல் வெளிச்சம் விழும். பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு பல்பும் புள்ளியாகத் தெரியும், எனவே மங்கல் மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் பட்டை இருக்க வேண்டும். 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை) நிறம் சமையலுக்கு ஏற்றது. மஞ்சள் வெளிச்சத்தில் வெங்காயம் பொன்னிறமானது தெரியாது.

பின்சேர்க்கை: கல் ஏற்கெனவே 8 இன்ச்தான் நீண்டிருந்தால்?

அதன் மேல் 15 இன்ச் நீட்டும்படி 25 மி.மீ. மரப்பலகையைப் பிராக்கெட்டோடு பதிக்கலாம். மேடை ஒரு இன்ச் உயரும், ஆகவே ஸ்டூல் காலை அறுக்கும் முன் பலகையைப் பதித்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.