கில்ட் விருந்து உடையில் ஸ்போரனைக் கட்டுவது எப்படி?

ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை போலக் கட்டும் கொசுவ உடையான கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் முன்பக்கம் ஸ்போரன் என்ற சிறு பை வாரில் தொங்குகிறது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தச் சொல்லுக்கே பணப்பை என்றுதான் பொருள். புதிதாகக் கட்டுபவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில்: உயரம், வாரின் இறுக்கம்.

எந்த ஸ்போரன்? பகலில் ட்வீட் என்ற முரட்டுக் கம்பளிக் கோட்டுடன் என்றால் வெறும் தோல் ஸ்போரன் போதும். மாலை விருந்துக்குப் பிரின்ஸ் சார்லி என்ற குட்டையான விருந்துக் கோட் போடும்போது, முகப்பில் ரோமமும் மேலே வெள்ளி நிற உலோக விளிம்பும் உள்ள ‘டிரெஸ்’ ஸ்போரன்தான் பொருத்தம். அந்த உலோக விளிம்புக்குக் கேன்டில் என்று பெயர். முழங்கால் வரை தொங்கும் குதிரைமுடி ஸ்போரன் பெரும்பாலும் பேக்பைப் இசைக்குழுவினருக்கும் ராணுவத்துக்கும் உரியது. ஒன்றைக் கவனியுங்கள்: சீல் என்ற கடல் விலங்கின் தோலால் ஆன ஸ்போரனோடு அமெரிக்காவுக்குப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே பறிமுதல் செய்துவிடலாம்.

1. காலுறையையும் ஷூவையும் முதலில் போட்டு முடியுங்கள். கில்ட் கட்டிய பிறகு குனிந்தால் கொசுவம் கலைந்துவிடும்.

2. கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுங்கள். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். பேன்ட் போல இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டினால் ஸ்போரனும் சேர்ந்து இறங்கிவிடும். பிறகு வாரை எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது.

3. வாரின் இரு முனைகளிலும் செயின் இருக்கும், நடுப்பகுதி தோல். தோல் பகுதியைக் கில்ட்டின் பின்புறத்தில் உள்ள இரண்டு துணி வளையங்களுக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள். தோல் முதுகுப்பக்கம்தான் வர வேண்டும். செயின் அங்கே வந்தால், உட்காரும்போதெல்லாம் கொசுவத்தின் கம்பளியை உரசி நூலைப் பிய்த்துவிடும்.

4. செயின் முனைகளை ஸ்போரனின் பின்னால் உள்ள வளையங்களில் மாட்டுங்கள். மாட்டும் முன் செயினை விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தாலும் ஸ்போரன் ஒரு பக்கமாகச் சாயும்.

5. இப்போது உயரம். வெயிஸ்ட்கோட்டின் கீழ் விளிம்புக்கும் கேன்டிலுக்கும் இடையே மூன்று, நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். வெயிஸ்ட்கோட் இல்லாமல் பெல்ட் கட்டியிருந்தால் பக்கிளின் அடியிலிருந்து அதே அளவு. (வெயிஸ்ட்கோட்டுக்குள் பெல்ட் வேண்டாம், புடைத்துத் தெரியும்.) தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். அதனால் வாரை ஒரு துளை இறுக்கிவிட்டு, பத்தடி நடந்து பாருங்கள். ஸ்போரன் ஊசலாடாமல் வயிற்றோடு ஒட்டி நின்றால் இறுக்கம் சரி. குஞ்சங்கள் லேசாக ஆடத்தான் செய்யும்.

6. உள்ளே சாவி, கார்டு, கொஞ்சம் பணம் போதும். கனமான போனையும் தடித்த பர்ஸையும் திணித்தால் வார் சரியும், மூடியும் வாய் பிளக்கும்.

உட்காரும்போது பின்கொசுவத்தை உள்ளங்கையால் கீழ்நோக்கித் தடவி, அதன்மேல் அமருங்கள். ஸ்போரன் தொடைகளுக்கு நடுவே விழுந்து முன்துணியை அழுத்திக்கொள்ளும். மானம் காப்பது அந்த எடைதான். கேய்லி என்ற ஸ்காட்லாந்து கூட்டு நடனத்துக்கு இறங்கும் முன் ஸ்போரனை இடது இடுப்புக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேன்டில் துள்ளி உங்களையும் ஜோடியையும் இடிக்கும். நடனம் முடிந்ததும் நடுவுக்குக் கொண்டுவந்து, தோல் பகுதி மறுபடி முதுகுப்பக்கம் போய்விட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.